ஐந்து மாதக் குட்டி தூக்கத்திலேயே இறந்துவிட்டது: ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நொய்யல்கரை | 9 ஜூன், இரவு 10.15

வணக்கம். இங்கே பல வருடங்களாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி கரியன் சென்ற மாதம் 28ஆம் தேதி விடியற்காலையில் இறந்துவிட்டான். வயது 5 மாதம் 10 நாள். முந்தின இரவு வழக்கம்போல் சாப்பிட்டான், தோட்டத்தில் ஓடினான், அப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தான். ஐந்து மணிக்குப் பால் கறக்க எழுந்த அம்மா, திண்ணையில் அவன் தூங்குகிறான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார். திரும்பி வந்தபோதும் அதே இடம், அதே படுக்கை. முன்கால்கள் இரண்டையும் சேர்த்து அதன்மேல் தலையை வைத்திருந்தான். வாயில் நுரை இல்லை, வாந்தி இல்லை, கால் உதைத்த தடமும் மண்ணில் இல்லை. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

அப்பா பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டார். வேலித் தகராறு ஒன்று முன்பே இருந்தது. நான் பிடிவாதமாக உடற்கூராய்வு செய்யச் சொன்னேன். நேற்று அறிக்கை வந்தது. குடலில் எதுவும் இல்லை, நுரையீரல் சரி, ஈரல் சரி, இதயத்தின் அறைகளும் வால்வுகளும் சரி, நுண்ணோக்கியில் பார்த்த இதயத் தசையும் சரி. விஷப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. மரணத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "கண்டறிய இயலவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்த குட்டி எப்படிச் செத்தது? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவனுடன் பிறந்த பெட்டை, மின்னி, எங்கள் அத்தை வீட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

வேப்பமரத்தடி | 9 ஜூன், இரவு 10.48

மிகவும் வருத்தமாக இருக்கிறது தம்பி. ஆனால் விஷத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடாதீர்கள். எல்லா விஷமும் பரிசோதனையில் தெரிவதில்லை. எங்கள் ஊரில் மூன்று நாய்கள் இப்படித்தான் போயின. கேமரா இருந்தால் பழைய பதிவைப் பாருங்கள்.

சிவப்புப் பாக்ஸர் | 9 ஜூன், இரவு 11.20

பார்வோ தடுப்பூசி போட்டீர்களா? பார்வோ வைரஸ் குட்டிகளின் இதயத் தசையைத் தாக்கித் திடீரென்று கொல்லும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஸ்டெதாஸ்கோப் | 10 ஜூன், காலை 5.55

நொய்யல்கரை தம்பி, நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். முப்பது வருடத்துக்கும் மேல் இந்த வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

முதலில் பார்வோ. சிவப்புப் பாக்ஸர் சொல்வது உண்மையில் இருக்கும் நோய்தான். தாயின் வயிற்றிலோ பிறந்த முதல் சில வாரங்களிலோ அந்த வைரஸ் தொற்றினால் இதயத் தசை வீங்கிக் குட்டி திடீரென்று இறக்கும். தாய்க்குத் தடுப்பூசி போடும் வழக்கம் வந்தபிறகு அது அரிதாகிவிட்டது. பார்வோவாக இருந்தால் நுண்ணோக்கியில் தசையில் அழற்சியோ தழும்போ தெரிந்திருக்கும். உங்கள் அறிக்கையில் தசை சரியாக இருக்கிறது.

இப்போது என் மனதில் ஓடுவதைச் சொல்கிறேன். ஜெர்மன் ஷெப்பர்டு, ஐந்து மாதம், விடியற்காலைத் தூக்கம், போராடிய அடையாளம் இல்லை, உடற்கூராய்வில் ஒன்றுமில்லை. இந்த ஐந்தையும் சேர்த்தால் அந்த இனத்துக்கென்றே இருக்கும் ஒரு பரம்பரைக் கோளாறு முன்னால் வந்து நிற்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிட்னி மொய்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1994இல் இதை வெளியிட்டார்கள். கீழறைத் துடிப்புக் கோளாறு என்று சொல்லலாம். இதயத்தின் உருவத்தில் எந்தக் குறையும் இருக்காது. மின்சார ஓட்டத்தில்தான் குறை. வீட்டின் சுவரும் கூரையும் நன்றாக இருந்து, உள்ளே ஓடும் கம்பியில் மட்டும் கோளாறு இருப்பதுபோல. உயிர் போனபிறகு அந்த மின்சாரமும் போய்விடுகிறது. அறுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் அகப்படாது. "கண்டறிய இயலவில்லை" என்று எழுதியவர் நேர்மையாகவே எழுதியிருக்கிறார்.

இறந்தவனுக்கு இதுதான் என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் உயிரோடு இருப்பவளைப் பரிசோதிக்க முடியும். மின்னிக்கும் இப்போது அதே வயது. தாமதிக்காதீர்கள்.

நொய்யல்கரை | 10 ஜூன், காலை 7.10

ஐயா, நன்றி. கை நடுங்குகிறது. மின்னிக்குத் தடுப்பூசி போட்டபோது மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், சத்தம் நன்றாக இருக்கிறது என்றார். நேற்று ஓர் இடத்தில் ஈசிஜியும் எடுத்தோம். ஒரு நிமிடம்தான் எடுத்தார்கள், இயல்பாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது போதாதா? பிறவிக் கோளாறு என்றால் பிறந்தபோதே தெரிந்திருக்க வேண்டாமா?

ஸ்டெதாஸ்கோப் | 10 ஜூன், காலை 8.40

இரண்டு கேள்வியும் சரியான கேள்வி.

ஒரு கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 90 துடிப்பு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1,29,600 துடிப்பு. ஒரு நிமிட ஈசிஜி அதில் 90ஐப் பார்த்தது. அதுவும் பகலில், மேசைமேல், புதிய மனிதர்களைப் பார்த்துக் குட்டி பயந்து இதயம் வேகமாக அடிக்கும் நேரத்தில். இந்தக் கோளாறு வெளியே வருவது பெரும்பாலும் இதயம் மெதுவாக அடிக்கும் ஓய்விலும் தூக்கத்திலும். ஆகவே 24 மணி நேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியைக் கட்டித்தான் பார்க்க வேண்டும். ஈசிஜி இயல்பு என்பது இங்கே விடுதலைச் சான்று ஆகாது.

பிறவி என்ற சொல்லைப் பற்றி: குறையின் விதை பிறப்பிலேயே இருக்கிறது, அது முளைத்துத் தெரிவது பிறகு. நாய்க்குட்டி பிறக்கும்போது இதயத்துக்குப் போகும் நரம்புகள் முழுமையாக முதிர்ந்திருப்பதில்லை, அடுத்து வரும் வாரங்களில்தான் முதிர்கின்றன. பாதிக்கப்பட்ட ஷெப்பர்டு குட்டிகளில், இதயத்தை முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்புகள் இடது கீழறையின் சில பகுதிகளுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை என்று அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். அதோடு, கீழறைக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் பர்கிஞ்சி இழைகள், ஒரு துடிப்பு முடிந்து முழுதாக அடங்கும் முன்பே மறுபடி துள்ளுகின்றன. இரண்டு துடிப்புக்கு இடையே இடைவெளி நீண்டால் இந்தத் துள்ளல் அதிகமாகும். தூக்கத்தில் ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

சுமார் 12 வாரத்தில் தலைகாட்டத் தொடங்கும். 24 முதல் 30 வாரங்களில் மிகக் கடுமையாக இருக்கும். இறப்புகள் பெரும்பாலும் 4 முதல் 8 மாதத்துக்குள் நடக்கின்றன, விடியற்காலைத் தூக்கத்திலோ ஓடி விளையாடிவிட்டு ஓய்ந்து கிடக்கும்போதோ. ஒன்றரை, இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

குட்டி அதுவரை ஆரோக்கியமாகவே ஓடியாடும். இருமல் கிடையாது, மூச்சிரைப்புக் கிடையாது, பெரும்பாலான குட்டிகள் மயங்கி விழுவதுகூட இல்லை. அதனால்தான் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

வன்னிச்சி | 10 ஜூன், மதியம் 1.05

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நான் மனிதர்களுக்கான மருத்துவமனையின் இதய விடுதியில் தாதியாக வேலை செய்கிறேன், வீட்டில் இரண்டு ஷெப்பர்டுகள் இருக்கின்றன. ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, தொட்டிலில் தூங்கிய கைக்குழந்தை காரணமே தெரியாமல் இறந்துபோகும் சம்பவங்கள். அந்தக் குழந்தைகளிலும் உடற்கூராய்வு வெறுமையாகத்தான் இருக்கும். தாயைத்தான் ஊர் பேசும், பால் கொடுத்தபடி தூங்கிவிட்டாள் என்று.

நொய்யல்கரை தம்பி, உங்கள் அம்மா தாண்டிப் போனதை நினைத்து வருந்திக்கொண்டிருப்பார். அவர் நின்று பார்த்திருந்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது. அதை அவரிடம் யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. என் நாயின் நாடித்துடிப்பு எப்போதும் சீராக இருப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது வேகம், விடும்போது மெதுவாக. இது எனக்குப் பல வருடமாகப் பயம்.

ஸ்டெதாஸ்கோப் | 10 ஜூன், மாலை 4.30

அது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை அம்மா. மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் துடிப்பு நாய்களுக்கு இயல்பு, அமைதியாகப் படுத்திருக்கும் ஆரோக்கியமான நாயில் நன்றாகவே தெரியும். மனிதர்களுக்கு நாடி பார்த்துப் பழகிய கைக்கு அது கோளாறாகத் தோன்றும். நாய் ஆழ்ந்து தூங்கும்போது சில விநாடிகள் துடிப்பே இல்லாமல் இருந்து மீண்டும் வருவதும் உண்டு.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நாய் பக்கவாட்டில் படுத்திருக்கும்போது, முன்கால் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இடது மார்பில் ஒரு கையை வையுங்கள். மறு கையின் இரண்டு விரலைப் பின்தொடையின் உட்புறத்தில் மேலே வைத்துத் துழாவினால் ரத்தக்குழாய் அகப்படும். மார்பில் ஒரு தட்டு, தொடையில் ஒரு தட்டு என்று ஜோடியாக வர வேண்டும். மார்பில் ஒரு தட்டு முந்திக்கொண்டு வந்து, தொடையில் அதற்குப் பதிலே இல்லாமல், பிறகு நீளமாக ஓர் இடைவெளி வந்தால் அது மூச்சின் வேலை இல்லை. கீழறையில் முன்கூட்டி எழுந்த துடிப்பு அது, இதயம் நிறையும் முன்பே சுருங்கிவிட்டதால் ரத்தம் தொடைவரை போகவில்லை. இப்படி அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அகப்படவில்லை என்பதாலேயே நாய் நலம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஆழியாறு | 11 ஜூன், இரவு 9.00

இந்த இழையை ஒருவர் எனக்கு அனுப்பினார். கரியனும் மின்னியும் என்னிடம் பிறந்த குட்டிகள். நொய்யல்கரை என் பெயரை எழுதவில்லை, அதற்கு நன்றி. ஆனால் படிக்கும் நாலு பேருக்கு யார் என்று தெரிந்துவிடும்.

இருபது வருடமாக ஷெப்பர்டு வளர்க்கிறேன். கடுவனுக்கும் பெட்டைக்கும் கென்னல் கிளப் சான்றிதழ் இருக்கிறது, கடுவன் கண்காட்சியில் பரிசு வாங்கியவன். இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். இதயத்துக்கு எக்கோகூட எடுத்தேன், இயல்பு. ஒரு குட்டி இறந்ததற்காக என் முழு வம்சத்தையும் நோயாளி என்று சொல்வது நியாயமா? கடுவனுக்கு நான்கு வயது, பெட்டைக்கு மூன்றரை. இரண்டும் சிங்கம்போல் இருக்கின்றன. தீபாவளிக்குப் பிறகு மறுபடியும் சேர்க்க இருக்கிறேன், ஐந்து பேர் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள்.

வேப்பமரத்தடி | 11 ஜூன், இரவு 9.25

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் முதலில். நோயுள்ள குட்டியை விற்றுவிட்டு நியாயம் பேசுகிறீர்கள்.

மட்டுறுத்துநர் | 11 ஜூன், இரவு 9.40

வேப்பமரத்தடி, நிதானமாக எழுதுங்கள். வளர்ப்பவர் இங்கே தானாக வந்து பேசுவது அரிது. அவரைத் துரத்திவிட்டால் மீதிக் குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

ஸ்டெதாஸ்கோப் | 12 ஜூன், காலை 6.20

ஆழியாறு அவர்களே, நீங்கள் வந்து எழுதியதை மதிக்கிறேன். இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இணைசேர்ப்பவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவர்.

ஆனால் நீங்கள் சொன்ன ஒவ்வொரு சான்றும் வேறு கேள்விக்கான பதில். கென்னல் கிளப் தாள் பரம்பரையைச் சொல்லும், துடிப்பைச் சொல்லாது. எக்கோ இதயத்தின் உருவத்தைப் பார்க்கும், இந்த நோயில் உருவம் சரியாகவே இருக்கும். நாய்க்கு நான்கு வயது, சிங்கம்போல் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது. வயது ஏற ஏற இந்தக் கோளாறு அடங்கிவிடுகிறது என்று சொன்னேன் அல்லவா? ஆறு மாதத்தில் ஆயிரக்கணக்கில் தவறிய துடிப்பு, அதாவது கீழறையில் முன்கூட்டி எழும் துடிப்பு, வந்த குட்டி, பிழைத்து மூன்று வயது ஆகும்போது இயல்பான நாய்போல இருக்கும். அந்த வயதில் ஹோல்டர் கட்டினால்கூடச் சுத்தமாக வரலாம். ஆனால் அது தன் குட்டிகளுக்குக் கொடுப்பதைக் கொடுத்துவிடும்.

இந்த நோய்க்குக் காரணமான ஒற்றை மரபணுவைக் கண்டுபிடித்து ரத்தப் பரிசோதனை செய்யும் வசதி வரவில்லை. பரம்பரை வழியும் ஒரே மரபணுவின் எளிய கணக்கில் அடங்கவில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட இரண்டைச் சேர்த்தால் குட்டிகளில் பெரும்பாலானவை பாதிக்கப்படுகின்றன என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே பெற்றோரை அறிய ஒரே வழி, குட்டிகளை அந்த ஆறாவது ஏழாவது மாதத்தில் பதிவுசெய்து பார்ப்பது. உங்கள் ஈற்றில் எத்தனை குட்டிகள்? இதே ஜோடிக்கு இதற்கு முன் ஈற்று உண்டா?

நான் உங்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. தெரியாமல் நடந்ததற்கு யாரும் குற்றவாளி இல்லை. தெரிந்தபிறகு தீபாவளி வருகிறது.

ஏரிக்கரை | 12 ஜூன், மாலை 6.10

ஓஹையோவில் இருந்து எழுதுகிறேன். என் அனுபவம் வேறு இனம், வேறு கோளாறு. இந்த வகை நோய்களில் முழுதாகக் குணமாவதும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் லேப்ரடாருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. சாப்பாடு குறைந்தது, அவ்வப்போது வாந்தி, எப்போதும் சோர்வு. வயிற்றுக் கோளாறு என்று இரண்டு மாதம் மருந்து கொடுத்தோம். ஒரு நாள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தபோது என் தொடையில் ஏதோ அதிர்வது போல் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், எண்ணவே முடியவில்லை. மருத்துவமனையில் நிமிடத்துக்கு 280. இதயம் வீங்கியிருந்தது.

மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்சாரம் போக இயற்கை வைத்திருப்பது ஒரே வாசல். என் நாய்க்குப் பிறவியிலேயே இன்னொரு கள்ள வாசல் இருந்தது. மின்சாரம் முறையான வாசலில் இறங்கிக் கள்ள வாசலில் ஏறி வட்டமடித்துக்கொண்டே இருந்தது. லேப்ரடார்களில் இது மற்ற இனங்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்றார்கள். கழுத்து ரத்தக்குழாய் வழியாகவும் தொடை ரத்தக்குழாய் வழியாகவும் மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் செலுத்தி, அந்தக் கள்ள வாசல் எங்கே என்று தேடி, ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் சுட்டு அடைத்தார்கள். மனிதர்களுக்குச் செய்வதே தான். செலவு மிக அதிகம், மறைக்கவில்லை. ஆறு மாதத்தில் வீங்கிய இதயம் பழைய அளவுக்குத் திரும்பியது. இப்போது அவளுக்கு ஐந்து வயது, மருந்தே இல்லை.

ஷெப்பர்டு நோய்க்கும் இப்படிச் சுட முடியாதா ஐயா?

ஸ்டெதாஸ்கோப் | 12 ஜூன், இரவு 8.15

உங்கள் நாயிடம் இருந்தது ஓர் இடத்தில் ஒரு பாதை. அதை அடைத்தால் நோய் முடிந்தது. ஷெப்பர்டு குட்டியில் குறை பரவலாக இருக்கிறது, சுடுவதற்கென்று ஒரு புள்ளி இல்லை. அங்கே வளர்ச்சி தானே சரிசெய்யும்வரை குட்டியைக் கடத்திக் கொண்டுபோவதுதான் வேலை.

சிவப்புப் பாக்ஸர் | 12 ஜூன், இரவு 10.30

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். பாக்ஸர் இனத்தின் பரம்பரை நோய் இதற்கு நேர் எதிர் வயதில் வருகிறது. வலது கீழறையின் தசைநார்கள் கொழுப்பாக மாறி, அங்கிருந்து தவறான துடிப்புகள் கிளம்பும். 1983இல் ஹார்ப்ஸ்டர் என்ற மருத்துவர் விரிவாக எழுதினார், ஸ்ட்ரியாட்டின் என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தை 2010இல் கண்டுபிடித்தார்கள். குட்டியில் ஒன்றும் தெரியாது, நடுவயதில் வெளிப்படும். என் பாக்ஸர் ஐந்து வயதில், வாசலில் மணி அடித்ததும் குரைத்துக்கொண்டே ஓடி, பாதியில் துணிபோல் விழுந்தான். பத்து விநாடியில் எழுந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். வலிப்பு என்று நினைத்தோம். வலிப்பு என்றால் எழுந்தபிறகும் சற்று நேரம் குழம்பித் திரிந்திருக்கும். ஹோல்டரில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தவறிய துடிப்புகள். மாத்திரையில் மேலும் நான்கு வருடம் எங்களோடு இருந்தான்.

பாக்ஸர் வைத்திருப்பவர்கள் ஒரு முறை ஹோல்டர் சுத்தமாக வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஆண்டுக்கொரு முறை எடுக்க வேண்டும்.

நொய்யல்கரை | 13 ஜூன், காலை 6.45

நாளை மறுநாள் மின்னிக்கு ஹோல்டர். மனிதர்களுக்கான பரிசோதனை நிலையம் ஒன்றில் கருவியை வாடகைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள், பதிவைப் படிக்க நாய் இதயம் தெரிந்த மருத்துவர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அத்தைக்குத்தான் தயக்கம். குட்டிக்கு ஷாக் அடிக்குமா, வலிக்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஸ்டெதாஸ்கோப் | 13 ஜூன், காலை 7.30

அத்தையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மனித இதயத்தின் மின்சாரத்தை 1887இல் முதன்முதலாகப் பதிவுசெய்தவர் லண்டனில் இருந்த அகஸ்டஸ் வாலர். அவரிடம் ஜிம்மி என்ற புல்டாக் இருந்தான். உப்புத்தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களில் ஜிம்மி கால் வைத்து நிற்பான், அவன் இதயத்தின் மின்சாரத்தை வாலர் கருவியில் காட்டுவார். 1909இல் ராயல் சொசைட்டி விருந்தினர் முன்னால் காட்டியபோது, இது நாய்க்குச் செய்யும் கொடுமை அல்லவா என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. நாய் உப்புத்தண்ணீரில் நின்றதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் விளக்கினார். அன்றும் இன்றும் கருவி கேட்கிறது, எதையும் உள்ளே செலுத்துவதில்லை.

செய்முறைக்கு வருவோம். மார்பின் இரண்டு பக்கமும் ஒட்டும் இடங்களில் முடியை நன்றாக மழிக்க வேண்டும், ஸ்பிரிட்டால் துடைத்து உலர்ந்தபிறகு ஒட்ட வேண்டும். மேலே கட்டுத்துணி, அதற்கு மேல் ஒரு சட்டை. குட்டி கம்பியைக் கடிக்காமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. தூங்கிய நேரம், எழுந்த நேரம், ஓடியது, சாப்பிட்டது எல்லாவற்றையும் கடிகாரம் பார்த்துத் தாளில் எழுதுங்கள். இரவில் வழக்கமான இடத்திலேயே தூங்கட்டும், எழுப்பாதீர்கள். இன்னொன்று, கருவியோடு வரும் மென்பொருள் மனிதனுக்கானது. நாயின் இயல்பான ஏற்ற இறக்கத்தையே தவறு என்று எண்ணிவிடும். மருத்துவர் கண்ணால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

நொய்யல்கரை | 18 ஜூன், இரவு 11.50

முடிவு வந்துவிட்டது.

அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நான்கு மடிப்பாக வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தார். முதுகில் கருவிக்கு ஒரு பை, வயிற்றுப் பக்கம் நாடா முடிச்சு. மின்னி அரை மணி நேரம் சிலைபோல் நின்றாள், பிறகு மறந்துவிட்டு ஆட்டுக்குட்டியை விரட்டப் போய்விட்டாள். இரவு நானும் அத்தை மகனும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். 3.40க்கு அவள் தூக்கத்தில் மூக்கை அசைத்தாள், முன்கால் துடித்தது, ஏதோ கனவு. தாளில் எழுதினேன்.

மருத்துவர் பதிவைத் திரையில் காட்டினார். பகல் முழுக்க ஒழுங்கான வரி, நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. இரவு இரண்டு மணிக்கு மேல் நிலைமை மாறியது. ஒரு நீண்ட இடைவெளி, உடனே அகலமான ஒரு முள், மறுபடி இடைவெளி, இரண்டு முள். நான் எழுதி வைத்திருந்த 3.40க்குப் போய் நிறுத்தினார். பதினொரு துடிப்பு, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், மிக வேகமாக. பிறகு தானாகவே நின்று ஒழுங்குக்கு வந்திருந்தது. நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். கனவு என்று எழுதியிருக்கிறேன்.

மொத்தம் 4,000க்கு மேல் தவறிய துடிப்புகள். அப்படி வேகமாக ஓடியது ஒன்பது முறை. ஒன்பதில் எட்டு விடியற்காலை மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே.

சோட்டலால் என்ற மாத்திரையைத் தொடங்கலாமா என்று இன்னொரு மருத்துவர் கேட்டாராம். ஐயா, என்ன சொல்கிறீர்கள்?

ஸ்டெதாஸ்கோப் | 19 ஜூன், காலை 5.30

சோட்டலாலைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் இன்றே சொல்லுங்கள். மற்ற பல துடிப்புக் கோளாறுகளுக்கு அது நல்ல மருந்து, பாக்ஸருக்குக்கூடக் கொடுப்பார்கள். ஆனால் இந்த ஷெப்பர்டு குட்டிகளில் தனியாகக் கொடுத்தபோது வேகமான ஓட்டங்கள் அதிகமாயின என்று அதே கார்னெல் குழு கண்டது. அது துடிப்பை மெதுவாக்கி இடைவெளியை நீட்டுகிறது, இந்த நோய் அந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. மெக்சிலெட்டின் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நல்ல பலன் இருந்தது. 2010இல் வந்த ஆய்வு அது, உங்கள் மருத்துவர் தேடினால் கிடைக்கும். அளவை அவர்தான் எடை பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், நான் இங்கே எழுத மாட்டேன், வேறு யாரும் எழுத வேண்டாம். மருந்து தொடங்கிச் சில வாரத்தில் மறுபடியும் ஹோல்டர் கட்டிப் பலனைப் பார்க்க வேண்டும்.

மருந்து கொடுத்தாலும் உறுதி தர முடியாது தம்பி. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆபத்தைக் குறைக்கலாம், நாளைக் கடத்தலாம்.

ஆழியாறு | 20 ஜூன், இரவு 1.15

தூக்கம் வரவில்லை.

ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். இதே ஜோடிக்குச் சென்ற வருடம் ஓர் ஈற்று உண்டு. ஆறு குட்டிகள். அதில் ஒன்று உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போனது. ஆறரை மாதத்தில் இறந்துவிட்டது. தோப்பில் பாம்பு கடித்துவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். மின்னியின் முடிவைப் படித்தபிறகு இன்று அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். கடித்த தடம் பார்த்தீர்களா என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. காலையில் தண்ணீர்த் தொட்டியருகே படுத்தபடி கிடந்தது, வீக்கம் இல்லை, தோப்பில் என்றால் பாம்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம் என்றார்கள்.

முன்பணத்தை ஐந்து பேருக்கும் திருப்பிவிடுகிறேன். இரண்டு ஈற்றிலும் சேர்த்துப் பதிமூன்று குட்டிகள், இரண்டு போக மீதி பதினொன்று. எல்லா வீட்டு எண்களும் என்னிடம் இருக்கின்றன. இந்த ஈற்றில் மின்னி போக மீதி ஐந்து குட்டிகளுக்கு ஹோல்டர் செலவில் பாதி நான் தருகிறேன். மூத்த ஈற்றுக்கு ஒன்றரை வயது ஆகிவிட்டது, அவற்றை இணைசேர்க்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

நொய்யல்கரை தம்பி, உன்னிடம் நேரில் வந்து பேச வேண்டும்.

நொய்யல்கரை | 20 ஜூன், காலை 6.05

வாருங்கள் அண்ணா. அப்பாவும் இருப்பார். அவர் நேற்று மாலை தானாகவே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, திரும்பும்போது கையில் அவர்கள் தோட்டத்துச் சீப்பு வாழைப்பழம் இருந்தது.

நொய்யல்கரை | 2 ஆகஸ்ட், இரவு 9.20

கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: மின்னி ஏழரை மாதத்தைத் தாண்டிவிட்டாள். இரண்டு மருந்தும் கொடுக்கிறோம், அதில் ஒன்று எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அத்தை கைப்பேசியில் மூன்று அலாரம் வைத்திருக்கிறார். இரண்டாவது ஹோல்டரில் தவறிய துடிப்பு 600க்குக் கீழே, வேகமான ஓட்டம் ஒரே ஒன்று, அதுவும் நான்கு துடிப்புதான். கருத்தடை அறுவைச் சிகிச்சையை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள், மயக்க மருந்துக்கு முன் இன்னொரு பதிவு வேண்டுமாம்.

ஆழியாறு அண்ணன் சொன்னபடியே செய்தார். மற்ற ஐந்தில் நான்கு குட்டிகளுக்குப் பார்த்தாகிவிட்டது. இரண்டு சுத்தம், ஒன்றில் சில துடிப்புகள் மட்டும், மருந்து தேவையில்லை என்றார்கள். நான்காவது ஒரு கடுவன், திருப்பூரில் இருக்கிறான், மின்னியைப்போலவே வந்திருக்கிறது. அவனுக்கும் மருந்து தொடங்கிவிட்டார்கள்.

ஐந்தாவது குட்டி தாராபுரத்தில். அந்த வீட்டார் நேற்றுத்தான் சம்மதித்தார்கள், புதன்கிழமை கருவி கட்டுகிறோம். வேட்டிச் சட்டையை அம்மா துவைத்துப் போட்டுவிட்டார். அவன் மின்னியைவிடப் பெரிய குட்டி, மார்புச் சுற்றளவு 68 செ.மீ. என்றார்கள், அதனால் நாடாவை மட்டும் பிரித்து நீளமாகத் தைத்துக்கொண்டிருக்கிறார்.